குனிஞ்சு சொல்ல வேண்டிய வெர்ப்

இங்கிலீஷ்ல பிசீச்னு ஒரு வெர்ப் இருக்கு. கெஞ்சிக் கேக்குறதுன்னு அர்த்தம். சும்மா கெஞ்சுறது இல்லை, உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு மன்றாடுறது. இறந்த காலத்துல பிசாட். அதுக்கு அடுத்த வடிவமும் பிசாட். இன்னைக்கு ஒருத்தர் வாயிலயும் வராது. பெரியகுளத்துப் பக்கம் ஒரு காலேஜ்ல இங்கிலீஷ் நடத்துற எனக்கு மட்டும் இந்த வெர்ப் மேல ஒரு கிறுக்கு. மத்த பொம்பளைக புது வளையலைக் காட்டக் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவாகல்ல, அந்த மாதிரி எங்கன சந்து கிடைச்சாலும் இதைச் சொருகிருவேன்.

கிளாஸ்ல இதை நடத்துற அன்னைக்கு எனக்குக் கொண்டாட்டம். பழைய நாடகத்துல மகன் உசுருக்காக ராஜா கால்ல விழுகுற தாய் இதைத்தான் சொல்லுவா. பழைய கவிதையில சாத்துன சன்னலைப் பாத்துக் காதலன் இதைத்தான் சொல்லுவான். "ராஜா முன்னாடி போய் ரிக்வெஸ்ட் பண்ண முடியுமா? நீங்க என்ன லீவா கேக்கப் போறீக?"ன்னு நான் கேட்டா பிள்ளைக சிரிக்கும். ஒருத்தி எந்திரிச்சு, "கம்பம் பஸ் ஸ்டாண்டுல யாரை மேடம் பிசீச் பண்றது?"ன்னு கேட்டா. "துண்டு போட்டு சீட்டுப் பிடிச்சிருக்கான்ல, அவனைப் பண்ணு"ன்னேன். எவளாவது பிசாட்டுக்குப் பதிலா பிசீச்டுன்னு எழுதிட்டா சிவப்பு மையில சுழிச்சிருவேன். டிக்‌ஷனரியில அதுவும் சரின்னுதான் போட்டிருக்கு. ஆனா டிக்‌ஷனரியா பேப்பர் திருத்துது? நானில்ல திருத்துறேன்!

என்கூட வேலை பாக்குற டீச்சர் ஒருத்தவுக, கத்தோலிக்கக் குடும்பம். அவுகதான் ஒரு நாள் சொன்னாக, "எங்க பழைய இங்கிலீஷ் ஜெபத்துல இந்தச் சொல்லு நிறைய வரும். ஆனா நாங்க முழங்கால் போட்டுத்தான் சொல்லுவோம். நீங்கதான் ஃபேனுக்கு அடியில உக்காந்துக்கிட்டே சொல்றீக." அன்னைக்கு அதைப் பெருசா எடுத்துக்கிடலை. டீயைக் குடிச்சிட்டு அடுத்த கிளாஸுக்குப் போயிட்டேன்.

இப்படி இருக்கையில எங்க மகளுக்குக் கல்யாணம் கூடி வந்துச்சு. தேதி குறிச்சு நாலு மாசம் கழிச்சு, கல்யாணம் நெருங்குன நேரத்துல பத்திரிக்கை அடிக்கத் தேனிக்குப் போனேன். கம்ப்யூட்டர்ல டிசைன் பண்றவரு, "இங்கிலீஷ் பக்கத்துல எல்லாரும் ரிக்வெஸ்ட்னுதான் போடுவாக மேடம்"னாரு. எல்லாரும் போடுறதை நான் எதுக்குப் போடணும்? உங்கள் வருகையை பிசீச் செய்கிறோம்னு வர்ற மாதிரி எழுதிக் குடுத்தேன். அவரு ரெண்டு தடவை படிச்சுப் பாத்துட்டு, "இதுல ஏடாகூடமா எதுவும் அர்த்தம் இல்லையே மேடம்?"னு கேட்டாரு. அவருக்கும் மூணு வடிவத்தையும் சொல்லிக் குடுத்துட்டுத்தான் படி இறங்கினேன்.

அடுத்த நாள் காலையில கார்டு போன்ல வந்துச்சு. தங்க எழுத்துல என் வெர்ப் மினுமினுன்னு இருந்துச்சு. பாத்ததும் கை சும்மா இருக்குமா? காபி ஆறுறதுக்குள்ள சொந்தக்காரக குரூப்ல போட்டுட்டேன். கட்டைவிரலும் பூங்கொத்துமா வந்து குவிஞ்சுச்சு. கேரளா எல்லையில, லோயர் கேம்ப்ல இருக்குற சின்னம்மா மகன், "அக்கா, அது என்ன, எழுத்து மாறிப்போச்சா?"ன்னு கேட்டான். விடுவேனா? ராஜா, சன்னல், பிசாட், பிசாட்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் பேசிப் போட்டேன்.

எங்க அண்ணனும் அதே குரூப்லதான் இருக்கு. இருக்குறது எனக்கு ஒரே ஒரு அண்ணன். ஓடைப்பட்டியில திராட்சைத் தோட்டம். எங்க பக்கத்துல கல்யாணம்னா முதல் பத்திரிக்கை குலசாமிக்கு. அடுத்தது தாய்மாமனுக்கு. தட்டுல வெத்தலை பாக்கு, பழம், தேங்கா வச்சு, புருஷனும் பொண்டாட்டியுமா வீட்டு வாசல்ல போய் நின்னு, வாய் நிறையக் கூப்பிடணும். அதுக்கு முன்னாடி இன்னொருத்தர் கையில பத்திரிக்கை போயிருச்சுன்னா போச்சு. மாமன் கைக்குப் போறதுக்குள்ள லோயர் கேம்ப் வரைக்கும் போயிருக்கு என் பத்திரிக்கை, விளக்கவுரையோட! இந்த முறையெல்லாம் தெரியாத டவுன்காரியா நான்? ஓடைப்பட்டியில பிறந்து வளந்தவதான். படிச்ச கிறுக்கு, வேற என்ன சொல்ல.

அண்ணன் மெசேஜைப் பாத்துருச்சுங்கிறதுக்கு அது பேருக்கு நேரா விழுந்த ரெண்டு நீல டிக்குதான் சாட்சி. ஒரு கட்டைவிரல்கூடப் போடலை. சாயங்காலம் என் மகளே மாமாவுக்குப் போன் போட்டா. அண்ணன் அவகிட்ட, "உங்கம்மா என்னைக் குரூப்லதானே கூப்பிட்டிருக்கா? மாமன் குரூப்லயே வந்து உக்காந்துக்கிறேன்னு சொல்லு ஆத்தா"ன்னு சொல்லிட்டு வச்சிருச்சு.

மக என் முன்னாடி வந்து நின்னா. கத்தலை. கத்தியிருந்தாக்கூடத் தேவலை. "மாமா மாலை எடுத்துக் குடுக்கலைன்னா நான் மணவறைக்கு வர மாட்டேம்மா. உங்க பத்திரிக்கையை நீங்களே வச்சுப் படிச்சுக்கோங்க"ன்னா. அவ நடக்கப் பழகுனதே அண்ணன் விரலைப் பிடிச்சுத்தான்.

உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன். கெஞ்சத்தான் போட்டேன், சத்தியமா. ஆனா வாயில என்ன வந்துச்சு தெரியுமா? "அண்ணே, அது சும்மா ஒரு டிஜிட்டல் காப்பிதான். முறைப்படி அழைக்கிற ஃபார்மாலிட்டியை அப்புறமா வச்சுக்கிடலாம்னு..." பாதியிலயே கட் ஆயிருச்சு. டவர் இல்லைன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். எங்க வீட்டுக்காரக பேப்பரை மடக்கி வச்சிட்டு, "இத்தனை வருஷமா அந்த வெர்பைப் பிள்ளைகளுக்கு நடத்துறியே, ஒரு தடவை செஞ்சுதான் பாரேன்"னாக. எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. சரியாத்தானே சொல்லுறாகன்னு இன்னும் கோவம் வந்துச்சு.

மறுநாள் காலையில தட்டைத் தூக்கிக்கிட்டு ரெண்டு பேரும் ஓடைப்பட்டிக்குப் போனோம். பட்டுச்சேலை வேற கட்டியிருந்தேன். மதினி வாங்கன்னு சொன்னாக, தண்ணி குடுத்தாக. ஆனா முகம் குடுக்கலை. "உங்க அண்ணன் தோட்டத்துல இருக்காக"ன்னாக. ஆள் அனுப்பிக் கூப்பிட்டு விடுவாகன்னு பாத்தேன். அடுப்படிக்குள்ள போயிட்டாக. எங்க வீட்டுல அவுக சேர்ல சாஞ்சுக்கிட்டு, "நீ போய்ப் பேசு, நான் பின்னாடியே வர்றேன்"னாக. வருவாக, வருவாக.

திராட்சைப் பந்தல் எங்க அப்பா போட்டது. அவுக குட்டை. தன் உயரத்துக்குத்தான் கல்லு ஊண்டி, கம்பி இழுத்தாக. அண்ணனும் அப்பா மாதிரிதான், உள்ள நிமிந்து நடக்கும். நான் எங்கம்மாவை மாதிரி நெட்டை. பந்தலுக்குள்ள போகணும்னா இடுப்பை ஒடிச்சுக் குனிஞ்சுதான் ஆகணும். ரெண்டு கையிலயும் தட்டு. தேங்கா அங்கிட்டும் இங்கிட்டும் உருளுது. கொடி கொண்டையைப் பிடிச்சு இழுக்குது, விலக்கி விடக் கை இல்லை. ராஜா முன்னாடிகூட எந்த நாடகத்துலயும் ஒருத்தியும் இப்படிப் போயிருக்க மாட்டா.

அண்ணன் கொடியைக் கம்பியில கட்டிக்கிட்டு இருந்துச்சு. என்னைப் பாத்துச்சு. "நிமிராத, கம்பி குத்தும்"னுச்சு. அம்புட்டுத்தான். திரும்பவும் கட்ட ஆரம்பிச்சிருச்சு.

குனிஞ்ச மேனிக்கே நிக்கிறேன். எனக்குத் தெரிஞ்ச வார்த்தை எத்தனை இருக்கு! ஒண்ணு வரலை. என்னத்தையாவது பேசணுமேன்னு, "என்னண்ணே, பக்கத்துத் தோட்டத்துலயெல்லாம் பழம் அறுக்குறாக, உனக்கு மட்டும் இன்னும் பிஞ்சா கிடக்கு?"ன்னு கேட்டேன். கேக்க வந்தது என்ன, கேட்டது என்ன பாருங்க.

அண்ணன் திரும்பலை. "எல்லாரும் வெட்டும்போது நானும் கவாத்து வெட்டியிருந்தா, கல்யாணத்து வாரம் சரியா அறுப்பு வந்து நிக்கும். பிள்ளைக்கு மாலை எடுத்துக் குடுப்பேனா, லாரிக்குப் பழம் ஏத்துவேனா? நீங்க தேதி குறிச்ச அன்னைக்கே கவாத்தைத் தள்ளிப் போட்டுட்டேன்"னுச்சு.

கொடியை ஒட்ட வெட்டி விடுறதுதான் கவாத்து. வெட்டி நாலு மாசத்துல பழம்ங்கிறது அந்த ஊர்ல பிறந்த எனக்குத் தெரியாததில்லை. கார்டுக்கு எந்தத் தங்க எழுத்துன்னு நான் பாத்துக்கிட்டு இருந்தப்ப, அண்ணன் ஒரு தோட்டத்தையே என் மகளுக்காக நிறுத்தி வச்சிருக்கு.

"அப்ப நீ வர்றதாத்தானேண்ணே இருந்திருக்க?"

"வர்றதாத்தான் இருந்தேன். இருந்து என்ன? கூப்பிடாத வீட்டுக்கு எப்படி ஆத்தா வர?"

அதைச் சொல்லும்போதுதான் அண்ணன் என் முகத்தைப் பாத்துச்சு. கண்ணு கலங்கியிருந்துச்சு. அம்புட்டுப் பெரிய மனுசன், நான் கூப்பிடுவேன், கூப்பிடுவேன்னு இத்தனை நாளும் காத்துக்கிட்டு இருந்திருக்கு. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. தட்டை நீட்டினேன். தேங்கா உருண்டு கீழ விழுந்துச்சு, விழட்டும்.

"வாண்ணே"ன்னேன். காத்துதான் வந்துச்சு, சத்தம் வரலை.

அண்ணன் தட்டை வாங்கலை. கட்டுற நாரைத் தோள்ல போட்டுக்கிட்டு, கையை வேட்டியில துடைச்சிச்சு. "காதுல விழலை. ஊருக்கே வாய்ஸ் மெசேஜ் போட்டவதானே? சத்தமாக் கூப்பிடு"ன்னுச்சு.

குனிஞ்ச மேனிக்கே கூப்பிட்டேன். பக்கத்துத் தோட்டத்துல பழம் அறுக்குறவுக எல்லாம் திரும்பிப் பாத்தாக.