வாய் கோணாத ஸ்ட்ரோக்

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் என் வாயைத்தான் பார்த்தார்கள். ஸ்ட்ரோக் என்றால் வாய் கோண வேண்டும். என் வாய் நேராக இருந்ததில் பலருக்கும் ஏமாற்றம். பாகான் டத்தோவிலிருந்து ஈப்போ வரை கார் ஓட்டி வந்ததற்காவது கொஞ்சம் கோணியிருக்கலாம்.

பள்ளிக்கூடக் கேண்டீனில் மீ நூடுல்ஸ் பிரட்டிக்கொண்டிருந்தேன். முதுகில் யாரோ எட்டி உதைத்ததுபோல ஒரு வலி. பத்தே நிமிடத்தில் இரண்டு கால்களும் என் பேச்சைக் கேட்கவில்லை. முதுகுத்தண்டுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொண்டது, இதுவும் ஸ்ட்ரோக்தான் என்றார் டாக்டர். காலைத் தொட்டால் தெரியும், ஆனால் சூடும் வலியும் தெரியாது, கவனம் என்றார். பயிற்சி செய்தால் எழுந்து நிற்கலாம் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான் என் காதில் ஏறியது.

என் நாத்தனார் காதில் அதுவும் ஏறவில்லை. "டாக்டருக்கு என்னா தெரியும்லா? கால்ல சூடு இறங்கணும்" என்று பத்து காஜா ஊர்ப் பக்கம் ஓர் அம்மாவிடம் கூட்டிப்போனார். பழைய ரப்பர் தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறிய இடம். அந்த அம்மா அங்கே எண்ணெய் போட்டு உருவிவிடுகிறவர். அக்கா சொன்னால் மறுபேச்சு பேசாத என் கணவர்தான் காரை ஓட்டினார்.

அந்த அம்மா செங்கல்லைச் சுட்டு, துணியில் சுற்றி, என் குதிகாலில் வைத்தார்.

"சுடுதா?"

"இல்லக்கா."

இன்னும் சுட்டு வைத்தார். "இப்ப?"

"இல்ல, நல்லா வைங்க."

என் பொறுமையைப் பார்த்து நாத்தனார் பூரித்துப்போனார். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். காலில் கட்டியிருந்த எண்ணெய்த் துணியை வீட்டில் பிரித்தால், இரண்டு குதிகாலிலும் கொப்புளம்.

புண் ஆற ஆறு வாரம். அதுவரை காலை ஊன்றக் கூடாது, பயிற்சியும் கிடையாது. இனி நிற்கவே மாட்டேனோ என்று தினமும் பயந்து செத்தேன். அடுப்பங்கரைப் பக்கமே எட்டிப் பார்க்காத கணவர், வாளித் தண்ணீரில் தன் கையை விட்டுச் சூடு பார்த்த பிறகே என்மேல் ஊற்றினார்.

புண் ஆறிச் சில வாரம் கழித்து, ஆஸ்பத்திரிப் பயிற்சி அறையில் இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். நாத்தனார் கைதட்டினார்.

"பாத்தியா, அன்னைக்கி வச்ச சூடுதான் வேல செய்யுது. இன்னொரு தடவ கூட்டிட்டுப் போலாம்."

"வேணாக்கா," என்றார் என் கணவர். "டாக்டர் சொன்னத கேக்காம இவ கால சுட்டது நாமதான். இனிமே அங்க என் காடி போவாது."

நாத்தனார் தம்பியின் முகத்தையே பார்த்தார். இருபத்தெட்டு வருடமாக அந்த மனிதரின் வாய்க்குத்தான் ஸ்ட்ரோக் வந்திருந்தது, அன்றுதான் குணமானது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தால் விழுந்துவிடுவேன். அப்படியே நின்றேன்.