கேளாமல் அடைத்த வேலி

நாற்பதைத் தாண்டிய பிறகு ஒரு புத்தகத்தைப் படித்துத் திருந்தப் பார்த்தவன் நான். வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. குடித்துக் கெட்டவன் என்றாலாவது நாலு பேர் இரக்கப்படுவார்கள். படித்துக் கெட்டவனுக்கு அதுவும் இல்லை.

புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. கப்பலேறித் தபாலில் வந்தது. மனிதன் தன்னை எப்படி உயர்த்திக்கொள்வது, வீட்டிலும் வேலைத்தலத்திலும் பகையை எப்படி நட்பாக்குவது என்றெல்லாம் அதை எழுதியவர் அடித்துச் சொல்லியிருந்தார். அவருக்கு அண்ணன் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தாலும் இருவருக்கும் நடுவில் வேலி இருந்திராது.

எனக்கு இரண்டும் இருந்தன. உரும்பிராயில் எங்களைப் பெற்ற அப்பு பிரித்துக் கொடுத்த வீட்டு வளவில் பாதி அண்ணனுக்கு, பாதி எனக்கு. கிணறு அவர் பாதியில் விழுந்தது. தண்ணீரில் எனக்கும் பங்கு உண்டு. எந்த வழியால் போய் அள்ளுவது என்பதைச் சொல்லாமலே அப்பு கண்ணை மூடிவிட்டார். நடு வேலியில் ஓர் ஆள் குனிந்து நுழையக்கூடிய பொட்டு ஒன்று இருந்தது. என் மனைவி காலையும் மாலையும் குடத்தோடு அதற்குள்ளால் போய் வந்தாள். அந்தப் பொட்டு அண்ணனுடைய தயவு. என்னோடு கதைப்பதை நிறுத்திய பிறகும் அதை மட்டும் அவர் அடைக்கவில்லை.

எங்கள் கதைபேச்சு நின்றதற்குக் காரணம், என் மகளின் காதுகுத்துக்கு நான் நேரில் போய்ச் சொல்லாமல் ஆள் விட்டுச் சொன்னது. அந்த ஆள் ஒழுங்கையைச் சுற்றிப் போய்ச் சொல்லிவிட்டு வந்த நேரத்தில் நான் பொட்டுக்குள்ளால் மூன்று முறை போய் வந்திருக்கலாம். போகவில்லை. அவர் வந்து கேட்கட்டும் என்று இருந்தேன். அவர் நான் வந்து சொல்லட்டும் என்று இருந்தார். ஒரே தாயின் பிள்ளைகள் அல்லவா.

பகைவன் கேளாமலே அவனுக்கு ஓர் உதவி செய், அவன் உருகிவிடுவான் என்றது புத்தகம். அது பழைய ஓலையை மாற்றி வேலி அடைக்கும் காலம். நடு வேலியில் கிழக்குப் பாதியை நான் அடைப்பது, மேற்குப் பாதியை அவர் அடைப்பது வழக்கம். பொட்டு இருந்தது அவர் பாதியில். அந்த வருடம் அவர் புகையிலைத் தோட்டத்தோடு மினக்கெட்டதால் அவர் பக்கத்து ஓலை உக்கிக் கிடந்தது. அவர் அளவெட்டிக் கோயிலில் நாதஸ்வரம் கேட்கப் போன அன்று நான் ஆள் பிடித்து, புதுப் பனையோலை இறக்கி, அவர் பாதியையும் சேர்த்து அடைப்பித்தேன். பொட்டை அப்படியே விடச் சொன்னேன். மனைவி குசினி வாசலில் நின்று, அண்ணை கேட்டவரோ என்றாள். கேளாமல் செய்வதுதான் உதவி என்று புத்தகத்தை அவளுக்கு மொழிபெயர்த்தேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

மொழிபெயர்ப்பு என் தொழில். தமிழில் சண்டை பிடித்தவர்களை நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் சண்டை பிடிக்க வைப்பதற்கு எனக்குச் சம்பளம். அதில் பெரும்பகுதி வேலிச் சண்டை. எங்கள் பக்கத்தில் அடைக்கிறவனுக்கே வேலி சொந்தம். வேலிக்காக நட்ட கதியாலும் அவனுக்கு, அதில் தழைக்கிற பூவரசங்குழையும் அவனுக்கு. சில வருடம் எவரும் தட்டிக் கேளாவிட்டால் நிலமும் ஒரு முழம் அவன் பக்கம் சாய்ந்துவிடும். அயலவன் ஊரில் இல்லாத நாள் பார்த்து அவன் வேலியை அடைத்துப் பிடித்தவர்களின் சூழ்ச்சியைச் சொல் பிசகாமல் ஆங்கிலப்படுத்தி வந்த நான், அதையே அன்பு என்று நினைத்துச் செய்து முடித்தேன்.

மறுநாள் அண்ணன் வந்தார். வேலியின் ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்பு வரை நடந்து, கட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். பிறகு தன் மாட்டைப் பார்த்து, எனக்குக் கேட்கும்படி சொன்னார்:

"உவர் வேலியைப் பிடிச்சிட்டார். இனிக் கிணத்துக்கு வருவார்."

நான் பொட்டடிக்கு ஓடினேன்.

"அண்ணை, உதவியெண்டுதான் செய்தனான்."

"ஆர் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்லை."

"கேளாமல் மற்றவன்ரை வேலியை அடைக்கிறதுக்குக் கோட்டிலை என்ன பேர்? நீதானே துரைக்கு இங்கிலீசிலை சொல்லிக் குடுக்கிறனீ."

அந்தச் சொல் எனக்குத் தெரியும். மூடிக்கொண்டே இருந்திருக்க வேண்டிய வாயைத் திறந்து, வேலி அவருடையதுதான் என்று எழுதித் தருகிறேன் என்றேன்.

"எழுதித் தாறியோ? தன்னட்டை இல்லாததை ஒருத்தன் எழுதிக் குடுப்பானோ? அப்ப உனக்கு உரிமை இருக்கெண்டு இப்பவே சொல்லுறாய்."

பிரித்து எறிகிறேன் என்றேன். தன் கதியாலில் கை வைத்தால் வெட்டுவேன் என்றார். அத்தனை வருடமாய் நீதிமன்றத்தில் எத்தனையோ வழக்கறிஞர்களைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு நேர்த்தியாக ஒருவரும் வாதாடியதில்லை. அவர் சொன்னதில் ஒரு பிழையும் காண முடியாததற்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அடுத்த நாள் அவர் தன் பக்கத்தில் ஒரு முழம் தள்ளிப் புதுக் கதியால் நட்டார். உக்கிய ஓலையை மாற்றக் கிடைக்காத நேரமெல்லாம் அதற்குக் கிடைத்தது. பின்னேரத்துக்குள் இரண்டாவது வேலி எழுந்தது. அதில் பொட்டு இல்லை. என் வேலியில் நான் பத்திரமாக விட்டுவைத்த பொட்டுக்குள் குனிந்தால் அவர் வேலியின் ஓலை மூக்கில் இடித்தது.

அன்று தொடக்கம் என் மனைவி எங்கள் படலையால் வெளியேறி, ஒழுங்கையைச் சுற்றி, அண்ணன் வீட்டுப் படலையால் நுழைந்து, அவர்கள் முற்றத்தைக் கடந்து கிணற்றடிக்குப் போக வேண்டியதாயிற்று. பங்கு உள்ள தண்ணீர், ஆகையால் தடுக்க முடியாது. அண்ணனின் மனைவி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு, இவள் நடந்த தடத்தைப் பின்னாலேயே கூட்டிக்கொண்டு வருவாள்.

புத்தகத்தை, நீதிமன்றத்தில் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஓர் எழுத்தருக்குக் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு ஒரு நாள் மனைவி மூச்சு வாங்கக் குடத்தை இறக்கிவைத்து, நனைந்த சேலைத் தலைப்பைப் பிழிந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

"இஞ்சருங்கோ," என்றாள், "நீங்கள் கூடாதவராய் இருக்கேக்கை கிணறு கிட்ட இருந்தது."