அக்கா கேட்ட பாராசூட்

பேய், பிசாசு, சகுனம் எதையும் நம்பாதவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முழுக்கக் கேட்டுவிட்டு நீங்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பீர்கள், இதுவரை கேட்டவர்கள் எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள். மல்லாங்கிணற்றில் எங்கள் தெருவில் யாருக்காவது சாமி வந்தால், பக்கத்தில் போய் நாடி பிடித்துப் பார்க்கிற ரகம் நான். என் அக்கா முத்துமாரி தலையில் அடித்துக்கொள்வாள். மனுஷன் சொன்னால் நம்ப மாட்டேன், கருவி காட்டினால் நம்புவேன் என்று அவளிடம் பெருமை பேசியிருக்கிறேன். கடைசியில் எனக்குக் காட்டியதும் ஒரு கருவிதான்.

நான் பார்த்த வேலை அப்படி. புயலுக்குள் பறக்கிற விமானத்தில் வேலை. சிரிக்காதீர்கள், நிஜமாகவே அப்படி ஒன்று இருக்கிறது. அமெரிக்கக் கரைப் பக்கம் பெரிய புயல் கிளம்பினால் ஜனங்கள் ஊரைவிட்டு ஓடுவார்கள், இந்த விமானம் மட்டும் அதற்குள்ளே போகும். சுழன்றடிக்கிற மேகச் சுவரைத் தாண்டி நடுவில் இருக்கிற புயலின் கண்ணுக்குள் நுழையும். போகிற வழியெல்லாம், உள்ளே அளக்கிற கருவி வைத்த முழ நீள அட்டைக் குழாய்களைக் கீழே போடுவோம், ஒவ்வொன்றின் தலையிலும் சின்னதாக ஒரு துணிப் பாராசூட். குழாய் விழுந்துகொண்டே காற்று எவ்வளவு, சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று விமானத்துக்குச் சொல்லிக்கொண்டே போகும். கடலைத் தொட்டதும் பேச்சு நின்றுவிடும். அதை வைத்துத்தான் எந்த ஊர் ஜனங்களை வெளியேற்றுவது என்று முடிவு செய்வார்கள். குழாய் செய்கிற கம்பெனியின் ஆளாக நானும் விமானத்தில் போவேன்.

வேடிக்கை என்னவென்றால் அக்காவுக்கும் பாராசூட் வேலைதான். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில், ஃபேன்சி வெடிக்குள் வைக்கிற பாராசூட்டை மடிக்கிற வேலை. வானத்தில் வெடித்ததும் ஒரு விளக்கோடு விரிந்து ஆடி ஆடி இறங்குமே, அதுதான். அங்கே மெல்லிய பிளாஸ்டிக் தாளில் செய்வார்கள். அக்காவின் மடிப்பு தனி. வெற்றிலையை மடிக்கிற மாதிரி ஓரத்தை உள்ளே செருகிக் கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்துவாள், அதை வேறு யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

"நாங்க மேல விடுறோம், நீ கீள விடுறே. அம்புட்டுத்தாம்லே வித்தியாசம். இதுக்குப் போயி எம்புட்டுப் படிப்பு!" என்று கேலி செய்வாள்.

கடைசியாக நான் லீவில் வந்தபோது, "ஏலே பாண்டி, உங்க பாராசூட்டு ஒண்ணு கொண்டாலே. அங்கன எப்படி மடிக்காகன்னு நான் பாக்கணும்" என்றாள்.

"எல்லாம் கடல்ல விளுந்துரும்க்கா. அடுத்த தடவை பாப்பம்."

"ஆமா, நீ கொண்டாந்து கிளிச்சே."

பேச்சு கேலியாக இருந்தாலும் உள்ளுக்குள் அவளுக்குப் பயம். நான் பறக்கிற நாளில் மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வாள். தரை இறங்கியதும் நான் 'இறங்கிட்டேன்' என்று ஒரு மெசேஜ் போட வேண்டும், அதைப் பார்த்த பிறகுதான் சோறு இறங்கும் அவளுக்கு. ஆலைக்குள் செல்போன் கொண்டு போக விட மாட்டார்கள், வாசல் கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் வேலை முடிந்ததும் முதல் ஆளாகக் கேட்டுக்கு ஓடுவாள். எனக்கு ஏதாவது ஆகிவிடும், எனக்குத்தான் ஆகும் என்று எல்லோரும் நினைத்தோம். நானும்தான்.

அன்றைக்குப் புரட்டாசி மாதம், இங்கே தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. அங்கே அப்போதுதான் விடிகிறது, இங்கே சாயங்காலம் வேலை முடிகிற நேரம். விமானம் கண்ணுக்குள் நுழைந்ததும் ஆட்டமெல்லாம் நின்று, சுற்றிலும் மேகம் கோட்டை மாதிரி நிற்க, நடுவில் வெயில் விழுந்தது. ஒரு குழாயைப் போட்டோம். திரையில் எண்கள் வர ஆரம்பித்தன. பாதி தூரம் வரைக்கும் சரியாக இருந்தது. பிறகு ஈரம் மளமளவென்று குறைந்தது. புயலின் நடுவில், கடலுக்கு மேலே, பொட்டு ஈரம் இல்லை. காற்றழுத்தம் சாதாரண நாளில் தரையில் இருக்கிற அளவு. சூடு ஏறிக்கொண்டே போனது. நம்பினால் நம்புங்கள், அந்த எண்களைப் பார்த்ததும் எனக்கு மூக்கில் கந்தக வாடை அடித்தது. அது கடலின் காற்று இல்லை. விஸ்வநத்தத்தில் சிமென்ட் தளத்தில் வெடி காய்கிற காற்று. பிறந்ததிலிருந்து அந்த வட்டாரத்துக் காற்றைக் குடித்தவன் நான், எனக்குத் தெரியாதா?

கடலைத் தொட வேண்டிய நேரம் தாண்டியும் குழாய் பேசிக்கொண்டே இருந்தது. எங்கேயோ இறங்கி அசையாமல் இருக்கிற மாதிரி எண்கள் நின்றன. அப்புறம் சூடு கொஞ்சம் இறங்கி ஒரு இடத்தில் நிலைத்தது. உடம்புச் சூடு, ஒருத்தர் அக்குளில் வெப்பமானி வைத்தால் என்ன காட்டுமோ அது. லேசாக வியர்வை ஈரம். நான் இருக்கையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன், பிறகு அந்தச் சூடு கருவியால் காட்ட முடிகிற எல்லையைத் தாண்டி ஒரே தாவாகத் தாவியது, அதோடு பேச்சு நின்றது. பக்கத்தில் இருந்தவர் குழாய் பழுது என்று சொல்லிவிட்டு அடுத்ததைப் போட்டார். அது ஒழுங்காகக் கடலில் விழுந்தது.

தரை இறங்கியதும் 'இறங்கிட்டேன்' என்று அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் அத்தானிடமிருந்து வந்திருந்த அழைப்புகளைக் கவனித்தேன். திரும்பக் கூப்பிட்டேன்.

"மாப்ளே, உங்கக்கா போயிட்டாடா" என்றார்.

நான் ஊர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அன்றைக்கு அந்த ஆலையில் நடந்த வெடிவிபத்தில் இறந்தது அக்கா ஒருத்திதான், எப்படி அவள் மட்டும் என்று எனக்குப் புரியவில்லை. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த புஷ்பம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"வேலை முடிஞ்சு எல்லாரும் கேட்டுக்கிட்ட வந்துட்டோம் தம்பி. உங்கக்காவுந்தான். திரும்பிப் பாத்தவ நின்னுட்டா. காயப் போடுற தளத்துக்கு மேல ஒரு பாராசூட்டு ஆடி ஆடி இறங்குது. பகல்ல எவன்டா விட்டதுன்னு சூப்பர்வைசரு கூடச் சத்தம் போட்டாரு. இவ, 'எந்தம்பி அனுப்பிட்டான் புஷ்பம்'னு சொல்லிட்டு ஓடுறா. எடுத்தவ வரலையே! அங்கனயே நின்னு அதை மடிச்சுக்கிட்டு இருக்கா. வாடின்னு கத்துனேன். இந்தா வந்துட்டேன்னா. அப்பத்தான் பின்னால வெடிமருந்து ரூம்பு வெடிச்சுச்சு."

நான் அதை நம்பவில்லை. துக்கத்தில் ஆயிரம் சொல்வார்கள், பாராசூட் செய்கிற ஆலையில் ஒரு பாராசூட் பறந்தால் அதில் என்ன அதிசயம் என்றுதான் நினைத்தேன். அத்தான் உள்ளே போய் ஒரு பொட்டலம் கொண்டு வந்து பிரித்தார். அக்காவின் மூடிய கைக்குள் இருந்ததாம், ஆஸ்பத்திரியில் கொடுத்தார்களாம். உள்ளே எங்கள் குழாயின் பாராசூட் இருந்தது. எங்கள் துணி, எங்கள் தையல். ஓரம் வெற்றிலை மாதிரி உள்ளே செருகி, அழுத்தி மடித்திருந்தது. நனைந்திருந்தது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு.

நான் முன்பே கொண்டு வந்து கொடுத்ததாக இருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். சத்தியமாகக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அவள் அன்றைக்கு எதற்காகத் திரும்பி ஓடப் போகிறாள்?

அந்த வேலையை விட்டுவிட்டேன். முகம் தெரியாத ஊர்களுக்கெல்லாம் புயல் வருகிறது, ஓடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், எண்களைப் பார்த்துக்கொண்டே என் அக்காவைச் சாகக் கொடுத்தேன். அவள் கையின் சூட்டைத்தான் நான் திரையில் பார்த்திருக்கிறேன். அந்தப் பாராசூட் ஆசையாகக் கேட்டவளைத் தேடி வந்ததா, இல்லை வாசல் கேட்டுக்கு வந்துவிட்டவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போக வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. மாரியம்மனிடம் கூடக் கேட்டுப் பார்த்துவிட்டேன், நான்.

அத்தான் தினமும் காலையில் அந்தத் துணியைக் கொடியில் போடுகிறார். "காஞ்சதும் எடுத்துட்டுப் போயிரு மாப்ளே, என்னால வச்சுப் பாக்க முடியலை" என்கிறார். வெயில் அடிக்கிறது என்பதற்காகவே பட்டாசுத் தொழில் வந்து உட்கார்ந்த வட்டாரம் இது, இங்கே காலையில் போட்ட போர்வை மத்தியானத்துக்குள் மொரமொரவென்று காய்ந்துவிடும். சாயங்காலம் நான் போய்த் தொட்டுப் பார்க்கிறேன். இன்னும் காயவில்லை.