மூன்று பேருக்குத் தலைக்குத் தண்ணீர்

ஒரகடத்துக்கு நாங்கள் குடிவந்த இரண்டாவது கோடையில் பக்கத்து அறைப் பையனுக்கு அம்மை போட்டது.

வல்லக்கோட்டைக்குப் போகும் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஜாகை. ஒரு விவசாயக் குடும்பம் தங்கள் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தது. ஒன்றில் நான், கணவர், மகள். அவர் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். நான் வீட்டில் ரவிக்கை தைக்கிறேன். அடுத்த அறையில் மூன்று பேச்சுலர்கள், மூவரும் ஒரே கம்பெனி, ஒரே லைன். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன் ஒருவன். மற்ற இருவரும் மதுரைக்குத் தெற்கே.

திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊர் வேதக்கோயிலில் எனக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். கோயிலைக் கூட்டுவேன், அசன விருந்துக்கு வெங்காயம் உரிப்பேன், பேறுகாலம் ஆன வீடுகளுக்குக் கஞ்சி கொண்டு போவேன். இங்கே ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில், வாடகை ஹாலில் ஆராதனை. பாட, பேச, கீபோர்டு வாசிக்க எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து வருவது எனக்கு ஒட்டவே இல்லை. ‘ஆண்டவரே, எனக்கும் ஏதாவது வேலை கொடும்’ என்று தையல் மெஷினை மிதித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் சங்கரன்கோவில் பையன் காய்ச்சலோடு ஷிஃப்டிலிருந்து பாதியில் திரும்பி வந்தான். மறுநாள் காலையில் முகமெல்லாம் கொப்புளம். கூட இருந்த இருவரும் பையை எடுத்துக்கொண்டு குன்றத்தூரில் ஒரு சிநேகிதன் அறைக்கு ஓடிவிட்டார்கள்.

விஷயம் வீட்டுக்காரம்மாவுக்குப் போனது. காலி பண்ணச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் எங்கள் அறையிலிருந்து தள்ளி, வெயிலில் நின்றபடி பேசினார்.

“அம்மா வந்துகீறா. வூட்டுக்கு வந்தவள வெளிய போன்னு சொல்ல முடியுமா? ஆனா எம்பொண்ணு மாசமா கீது, நான் கிட்ட வரக் கூடாது. நீ இன்னாம்மா சொல்ற?”

எங்கள் மூவருக்கும் ஊரில் இருக்கும்போதே அம்மை வந்து போயிருந்தது. “நான் பாத்துக்கிடுதேன்க்கா” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், அது பேச்சுலர் அறை என்பதும், என் கணவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதும் உறைத்தது. அவர் வந்ததும் தயங்கித் தயங்கிச் சொன்னேன். சட்டையைக்கூட மாற்றாமல், “வா, நானும் வாரேன்” என்று முன்னால் நடந்தார்.

கதவைத் திறந்ததும் பையன் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

“உள்ள வராதிய அக்கா. ஒட்டிக்கிடும்.”

“எனக்கு வந்து போயிட்டுப்பா. கஞ்சி குடிப்பியா?”

போர்வைக்குள் அழுகிறான் என்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது. என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையை எடுத்து, சொறிந்துவிடாமல் இருக்க நகம் வெட்டத் தொடங்கினார்.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் மாத்திரையும் பூசுவதற்கு லோஷனும் தந்தார். மற்றதெல்லாம் வீட்டுக்காரம்மாவின் உத்தரவு. அவர் வீட்டுக்கும் எங்கள் வரிசைக்கும் நடுவே இருந்த காம்பவுண்டு சுவருக்கு மேலாகக் கூடையில் வேப்பிலை வரும், இளநீர் வரும், கேழ்வரகுக் கூழ் வரும். கூடவே சட்டமும் வரும். செருப்போடு உள்ளே போகக் கூடாது. வரிசையில் எந்த வீட்டிலும் தாளிக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது. கடற்கரை ஊரில் பிறந்த என் கணவருக்கு மீன் பொரிக்காத ஞாயிறு ஞாயிறே இல்லை. அப்போது லெந்து நோன்பும் ஈஸ்டரும் முடிந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. “எனக்கு மட்டும் மறுபடி லெந்து ஆரம்பிச்சிட்டு” என்று சொல்லிக்கொண்டே மோர்ச்சோறு சாப்பிட்டார்.

பையன் தன் அம்மாவிடம் விஷயத்தை மறைத்து வைத்திருந்தான். அவள் வீடியோவில் கூப்பிட்டபோது மாட்டிக்கொண்டான். அந்த அம்மா போனிலேயே கதறிவிட்டாள். நான் போனை வாங்கி அறையைச் சுற்றிக் காட்டினேன். பாயைக் காட்டினேன், இளநீரைக் காட்டினேன், நிலையில் செருகியிருந்த வேப்பிலைக் கொத்தைக் காட்டினேன். அழுகை கொஞ்சம் அடங்கியது. பிறகு என் கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவை அவள் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

“நீங்க வேதக்காரவளா?”

“ஆமாக்கா.”

“வேதக்காரவ வேப்பிலை கட்டுவாவளா?”

“பிள்ளைக்கு அரிக்குதுல்லா, கட்டுவோம்.”

அவள் சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, ஆடு மாட்டைப் பார்க்க ஆள் ஏற்பாடு செய்துவிட்டுப் பஸ் பிடித்து வருவதாகச் சொன்னாள்.

அதற்குள் குன்றத்தூருக்கு ஓடின இருவரும் திரும்பி வந்தார்கள். வாசலில் பையோடு நின்று, தலையைக் குனிந்துகொண்டு சட்டைப் பொத்தானைத் திறந்து காட்டினார்கள். நெஞ்சு நிறையக் கொப்புளம். உள்ளே படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்து கைதட்டிச் சிரித்தான். எனக்கும் அடக்க முடியவில்லை. அன்றிலிருந்து மூன்று பாய், மூன்று தம்ளர், ஒரே அம்மியில் மூன்று பேருக்கு வேப்பிலையும் மஞ்சளும். அரைக்கும்போது ஒவ்வொருவனையும் நினைத்து மனசுக்குள் ஜெபம் பண்ணுவேன். முதல் பையன் அதைக் கண்டுபிடித்துவிட்டான்.

“வாய் அசையுதே அக்கா. எனக்காகவா?”

“ஆமா. வேண்டாம்னா சொல்லு.”

“பண்ணுங்க, பண்ணுங்க. எங்க அம்மையும் மாரியாத்தாகிட்ட வேண்டியிருக்கா. ரெண்டு பக்கமும் பேசி சீக்கிரம் முடிச்சாச் சரி.”

ஞாயிற்றுக்கிழமை சபையில் ஒரு சகோதரி என்னைத் தனியே கூப்பிட்டு, வேப்பிலை கட்டுவதும் தாளிக்காமல் இருப்பதும் நமக்கு அடுக்குமா என்று கேட்டார். கோபமாக அல்ல, உண்மையான கவலையோடுதான் கேட்டார். அருகில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த போதகர் காதில் அது விழுந்திருக்கிறது. மத்தியானம் எங்கள் வரிசையில் ஒரு பைக் வந்து நின்றது. போதகர்தான். நல்ல உயரம், நிலையில் இருந்த வேப்பிலை தலையில் உரச, குனிந்து உள்ளே போனார்.

“என்ன தம்பிகளா, என்ன வேணும் உங்களுக்கு?”

பழம் கேட்பார்கள், ஜெபம் கேட்பார்கள் என்று நினைத்திருப்பார். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் துணிந்து, “சார், மேட்ச் ஓடுது. எங்க நெட்டு தீந்துபோச்சு” என்றான். போதகர் தன் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தார். மேட்ச் முடியும்வரை அங்கேயே இருந்தார். நடுநடுவே “அவுட்டா?” என்று கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். கிளம்பும்போது மூவருக்கும் சுருக்கமாக ஒரு ஜெபம். அடுத்த வாரம் என்னைக் கேள்வி கேட்ட அந்தச் சகோதரியே ஒரு தூக்குவாளி நிறைய நீராகாரத்தோடு வந்து, “தாளிக்கல” என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சங்கரன்கோவில் அம்மா ஒரு காலையில் கட்டைப்பையோடு வந்து இறங்கினாள். அறைக்குள் எட்டிப் பார்த்து, “ஒருத்தனப் பாக்க வந்தா மூணு பேருல்லா கெடக்கானுவ!” என்று கன்னத்தில் கை வைத்தாள். வந்த களைப்பு தீருமுன் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னோடு சேர்ந்துவிட்டாள். மகனுக்கு எதைச் செய்தாளோ அதையே மற்ற இருவருக்கும் செய்தாள்.

முதல் பையனுக்குச் சீக்கிரமே பொருக்கு உதிர்ந்துவிட்டது. ஆனாலும், “மூணு பேருக்கும் ஒண்ணா தலைக்கு ஊத்திடலாம்” என்று சுவருக்கு அப்பாலிருந்து தீர்ப்பு வந்ததால், அவன் குளிக்காமல் முணுமுணுத்துக்கொண்டே காத்திருந்தான். எல்லோருக்கும் ஆறியதும் ஒரு நல்ல வெயில் நாளில் அண்டாவில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தண்ணீரை முற்றத்தில் காயவைத்தோம். வீட்டுக்காரம்மா அம்மை கண்ட நாளுக்குப் பிறகு முதல் தடவையாகச் சுவரைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். மூன்று முக்காலிகளில் மூன்று பையன்கள்.

யார் முதலில் ஊற்றுவது? நான் வீட்டுக்காரம்மாவைக் காட்டினேன். அவர், “பெத்தவ வந்துகீறா, அவங்க ஊத்தட்டும்” என்றார். அந்த அம்மா சொம்பை மொண்டு என் கையில் வைத்தாள்.

“நீங்க ஊத்துங்க. ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா.”

மனசுக்குள் ஏசுவின் பெயரைச் சொல்லி அவள் மகன் தலையில் ஊற்றினேன். மஞ்சள் தண்ணீர் நெற்றியில் இறங்க, அவன் ‘ஆ’ என்று வாயைத் திறந்து சிரித்தான். அந்த நிமிஷம் அம்மா நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். ஒரகடத்தில் அதற்கு முன் நான் குலவை கேட்டதில்லை. அறைக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. செகண்ட் ஷிஃப்டுக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவர்கள் அப்படியே நின்றார்கள். என் கணவர் மூவருக்கும் துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

தெருவில் போன ஒருவர் வண்டியை நிறுத்தி, “இன்னாம்மா விசேஷம்?” என்று கேட்டார்.

“எங்க வூட்டுப் புள்ளைங்களுக்குத் தலைக்கு ஊத்தறோம்” என்றார் வீட்டுக்காரம்மா.

அடுத்தவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தான். நான் மறுபடி சொம்பை அண்டாவில் முக்கினேன்.