மஸ்னாவின் ஜூன் மாதங்கள்

"இந்தக் கோழி கடைக்கா, வீட்டுக்கா?"

"கடைக்குத்தான். தைக்கிற பொண்ணுங்க சாப்பிட்டாங்க."

"எத்தனை பொண்ணுங்க?"

"ஒருத்தி. நல்லா சாப்பிடுவா."

கோழி ரசீதை வீட்டுச் செலவுப் பக்கம் தள்ளினேன். காக் மஸ்னா, மலாயில் காக் என்றால் அக்கா, அதைத் திரும்பக் கடைப் பக்கம் தள்ளினார்.

மலேசியாவில் பத்து பஹாட் என்ற ஊரின் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது அவருடைய தையல் கடை. நான் பக்கத்துப் பள்ளியில் எழுத்தர். சம்பளக்காரர்கள் ஏப்ரல் கடைசிக்குள் வருமானக் கணக்கு கொடுத்துவிட வேண்டும். கடைக்காரர்களுக்கு ஜூன் கடைசி வரை நேரம். என்னுடையதை முடித்த கையோடு அவருடையதற்கு உட்காருவேன். பல வருடம் அப்படி நடந்தது. அந்த மத்தியானங்களை நினைத்தால் முதலில் வருவது இஸ்திரிப் பெட்டியின் ஆவி வாசம். பிறகு, எனக்காகப் பிளாஸ்டிக் பையில் வாங்கி ஆணியில் மாட்டியிருக்கும் ஐஸ் காப்பி.

ரசீதுகள் ஜன்னலோரம் வெயிலில் கிடக்கும். ஏழு வருடம் பத்திரமாக இருக்க வேண்டியவை, வாங்கிய அன்றே நகல் எடுங்கள் என்று ஒவ்வொரு வருடமும் சொல்வேன். சரி என்பார்.

"எழுத்தே காணோம், காக்."

"நூல் வாங்கினது. எனக்கு ஞாபகமிருக்கு."

"வரி ஆபீசுக்கு இருக்கணுமே."

"அந்த ஆபீஸ் பொம்பளைங்க பாதிப் பேருக்கு நான்தான் தைக்கிறேன். போய்க் கேளு."

ஒரு ஜூனில் பார்த்த கணக்கில் கல்யாணத் துணி நிறைய வந்திருந்தது. வரியும் ஏறியது. பூத்தையல் மெஷினுக்கு அவர் சேர்த்து வைத்திருந்த பணத்தை அது முழுசாக விழுங்கிவிடும். கழுத்துப் பட்டியில் கையால் பூப்போட்டுப் போட்டு அவருடைய மணிக்கட்டு வீங்கியிருந்தது. மெஷின் இல்லாமல் இன்னொரு பெருநாள் தையலை அது தாங்காது.

"ஜகாத் கொடுத்தீங்களா?"

"கொடுக்காம இருப்பேனா?"

"ரசீது?"

அவர் ஊசியில் நூல் கோத்தார். ஜகாத் என்ற கட்டாயத் தர்மத்துக்கு ரசீது இருந்தால் அந்தத் தொகை வரியிலேயே அப்படியே கழியும். ஆனால் முறையான வசூல் இடத்தில், கணக்குக்குரிய போன வருடம் முடிவதற்குள் கட்டியிருக்க வேண்டும். இவரோ நேராக ஆட்கள் கையிலேயே கொடுத்திருந்தார்.

"யாருக்கு?"

"வாங்கினவங்களுக்கு."

சட்டை வாங்க வந்த ஹாஜி சப்து இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். எங்கள் தொழுகைக்கூடத்தில் ஜகாத் வசூலிப்பவர் அவர்தான்.

"இதுக்கா முழிக்கிறீங்க? வாங்கினவங்க பேரைச் சொல்லு மஸ்னா. டிசம்பர் தேதியில ரசீது போட்டுத் தர்றேன்."

"அது பொய்த் தேதி, ஹாஜி," என்றேன்.

"கொடுத்தது நெசந்தானே? நீ சும்மா இரு."

மஸ்னா யோசித்தார். மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். "பேரு எதுக்கு?"

"வரவு எழுதினா செலவும் எழுதணுமே. வாங்கினவங்க பேரு பலகையில ஒட்டுவோம். தெரியாதா உனக்கு?"

எதிர்க்கடையில் கல்சோம் வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் கைகால் விழுந்து வீட்டில் படுத்திருந்தான். தினமும் அவளோடு நாலு தடவையாவது வம்பு பேசும் மஸ்னா அப்போது அந்தப் பக்கமே திரும்பவில்லை. பணம் எங்கே போனதென்று எனக்குப் புரிந்துவிட்டது.

"மறந்துபோச்சு, ஹாஜி," என்றார்.

"எல்லாருமா?"

"எல்லாருந்தான். வயசாகுதுல்ல? உங்க சட்டைக்குக்கூடப் பொத்தான் வைக்க மறந்துட்டேன்."

ஹாஜி முணுமுணுத்துக்கொண்டே போனார். வரியைத் தவணையில் கட்ட அனுமதி கேட்டு எழுதலாம் என்றேன். வேண்டாம் என்று மஸ்னா தலையாட்டினார்.

"கட்டித் தொலைச்சிடலாம், தம்பி. பாக்கி வச்சா எனக்குத் தூக்கம் வராது."

"இந்த வருஷ ஜகாத்தாவது வசூல் கவுண்டர்ல கட்டுங்க."

"அங்க கட்டினா எதிர்ல இருக்கிறவங்களுக்குப் போய்ச் சேருமா?"

"அவங்க மனுப் போடணும்."

"போட மாட்டா." நூலைப் பல்லால் கடித்தார். "பாதி அங்க. பாதி கையில."

மறுநாள் காலை வங்கியில் வரியைக் கட்டினோம். மெஷின் கடைக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொன்னார். இரண்டு கல்யாண ஆர்டர்களை வேறு கடைக்கு அனுப்பினார். மத்தியானம் மழை பெய்தது. மூன்று மணிக்குக் கரண்ட் போய், நாலரைக்கு வந்தது. அதுவரை அவர் வாசலோரம் உட்கார்ந்து ஒரு கழுத்துப் பட்டியைக் கையால் தைத்தார்.