ஒரு பல்லும் தள்ளவில்லை

என் அண்ணிக்குப் படகுத்துறையில் ‘மூணுகால்’ என்று பெயர். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவளாம். யாரோ வைத்தார்கள், நிலைத்துவிட்டது. கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பாள். ஆனால் அவளாவது முயலைப் பிடித்து எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்வாள். அவளைக் கேலி செய்கிறவர்கள் பிடிக்காத முயலுக்கே கால் எண்ணுகிறவர்கள்.

லாரிப் பட்டறையில் டீசல் இன்ஜின் வேலை செய்துகொண்டிருந்தவள். அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரமே தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக் கூடம் முழுக்கப் பரப்பினாள். “மருமக வந்தா வீடு ரெண்டாகும்னு சொன்னாங்க. இங்க மோட்டார் நாலா ஆயிருச்சு” என்றாள் அம்மா. சாயங்காலம் குழாயில் தண்ணீர் கொட்டியது. அதோடு அம்மா அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

அண்ணன் பயணிகள் படகு ஓட்டுகிறான். அதே படகுக்கு நான் டிக்கெட் கொடுக்கிறேன். இன்ஜின் சக்கரங்களை ஒன்றோடொன்று தாளம் தப்பாமல் சுற்றவைக்கிற, பல் வைத்த டைமிங் பெல்ட்டைப் புதிதாக மாட்டியது அண்ணி. அதற்குப் பிறகுதான் வம்பு. காலையில் ஸ்டார்ட்டர் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும், பேட்டரிக்கு மூச்சு வாங்கும்; நாங்கள் கைவிடப் போகும் நேரத்தில் பிடித்துக்கொள்ளும். எங்கள் துறையில் இன்ஜின் எதற்காக மக்கர் செய்தாலும் ‘டைமிங் போச்சு’ என்பார்கள். டீசலில் தண்ணீர் கலந்தாலும் டைமிங்தான் போகும். பெல்ட்டை ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டாள் என்று படகு முதலாளி ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். வெளியிலிருந்து ஒரு மெக்கானிக்கையும் வரச் சொல்லிவிட்டார். அவர் வந்து பெல்ட்டில் கை வைத்தாலே தீர்ப்பு எழுதியாயிற்று. அப்புறம் இந்தத் துறையில் ஒருத்தரும் அண்ணியை நம்பி ஒரு திருகாணியைக்கூடத் தரமாட்டார்கள்.

வீட்டில் அண்ணனும் அதே பாட்டைப் பாடினான். “ஒரு பல்லுதானே. தள்ளிப் போயிருக்கும்னு ஒத்துக்கோயேன். யாருதான் தப்பு பண்ணல?”

“பண்ணியிருந்தா ஒத்துக்குவேன்” என்றவள், பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனாள். கூடப் பிறந்தவன் என்றுகூடப் பார்க்காமல் அவன் தட்டை அப்படியே கவிழ்க்கலாம் போல எனக்கு வந்தது.

மெக்கானிக் வருகிற அன்று காலை, அண்ணி இன்ஜின் அறையின் மேல்மூடியில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

“இறங்கும்மா, அவர் வர்ற நேரம்” என்றார் முதலாளி.

“வரட்டும். பெல்ட் தள்ளியிருந்தா ஓடும்போதும் புகை கக்கும், ஆளு ஏறினா இழுக்காது. இது பிடிச்சதுக்கு அப்புறம் நாள் பூரா ஒழுங்கா ஓடுது. ஸ்டார்ட்டர் மெதுவா சுத்தும்போது மட்டும்தான் தகராறு. சென்சாரைப் பார்க்கணும்.”

“ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம்!” என்றார் முதலாளி. டிக்கெட் வரிசையில் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள்.

“சிரிச்சு முடிச்சாச்சா? என் தப்புன்னா இந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டேன். அதுவரைக்கும் இதைத் திறக்கிறவ நான்தான்.”

முதலில் பெல்ட் மூடியைக் கழற்றினாள். பெல்ட் சரியாக உட்கார்ந்திருப்பதைக் காட்டும் குறிகள் நேருக்கு நேர் நின்றன. “இப்பத்தான் திருத்தியிருப்பே” என்றார் முதலாளி. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரிய சக்கரத்தின் பற்கள் கடந்துபோவதைக் கவனித்துச் சொல்கிற சென்சார் ஒன்று உண்டு; அது சொன்னால்தான் டீசலை எப்போது தெளிப்பது என்று இன்ஜினுக்குத் தெரியும். அதன் ஒயரில் மீட்டரை வைத்து, அண்ணனைச் சாவி திருப்பச் சொன்னாள். ஸ்டார்ட்டர் சுற்றியது, மீட்டர் அசைந்தும் அசையாமலும் நின்றது. திருகாணியைக் கழற்றிச் சென்சாரை உருவினாள். அடியில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம், சைக்கிள் ட்யூபைக் கத்தரியால் வெட்டியது.

“இது நான் வெச்சது இல்ல.”

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. “நான்தான். நீ பெல்ட் மாட்டிட்டுப் போனதும், தண்ணி தெறிச்சுத் துரு ஏறிடுமேன்னு… உன் வேலை கெட்டுடக் கூடாதுன்னுதான் வெச்சேன்.”

“ஒட்டி நிக்க வேண்டியதைத் தள்ளி நிறுத்திட்டீங்க. வேகமா சுத்தினா அதுக்குத் தெரியும். மெதுவா சுத்தினா எப்படித் தெரியும்?” வளையத்தை எடுத்தாள், துடைத்தாள், சென்சாரைத் திரும்ப மாட்டினாள். சாவியைத் தொட்டதுதான் தாமதம், இன்ஜின் பிடித்துக்கொண்டது.

முதலாளி குரலைத் தாழ்த்தினார். “சரி விடும்மா, வீட்டு விஷயம். சென்சார் கெட்டுப்போச்சுன்னு சொல்லிக்குவோம்.”

“முடியாது. டைமிங் தப்புன்னு சத்தமா சொன்னீங்கல்ல? சரியா இருந்துச்சுன்னும் அதே சத்தத்துல சொல்லுங்க.”

வரிசை மொத்தமும் அவர் வாயையே பார்த்தது. சொன்னார். பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை என்று நான் கத்தினேன். இன்னொரு தடவை சொன்னார். மெக்கானிக்கை வர வேண்டாம் என்று போனும் செய்தார்.

பயணிகள் ஏறினார்கள். அண்ணன் அவள் பக்கத்தில் வந்து நின்றான். “நான் சொன்னப்பவே ஒத்துக்கிட்டிருந்தா இவ்வளவு ரகளை இல்லாம அப்பவே முடிஞ்சிருக்கும்” என்றான்.

“முடிஞ்சிருக்கும்” என்றாள் அண்ணி. “நான் முடிஞ்சிருப்பேன்.”