பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தவர்

தாட்சாயிணி அக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் எங்களோடு சண்டை போட வந்திருந்தார்.

இரண்டாயிரத்துப் பத்து, தை மாதம். திருமழிசையைத் தாண்டி நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போனால் ஒரு ஏரி. கப்பற்படையிலிருந்து ஓய்வு பெற்று ஆவடியில் குடியேறியிருந்த செங்கல்வராயன் சார், பழைய மோட்டார் படகு ஒன்றை வாங்கி, அனுமதி பெற்று, அங்கே ஒரு சின்ன நீர்ச்சறுக்கு கிளப் ஆரம்பித்திருந்தார். காலில் பலகை மாட்டிக்கொண்டு படகுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துச் சறுக்குவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். எங்களுடையது வெறுங்கால். படகு அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால்தான் தண்ணீர் பாதத்தைத் தாங்கும். அந்த வேகத்தில் விழுந்தால் தண்ணீர் தண்ணீராக இருக்காது, சிமெண்ட் தரை மாதிரி அறையும்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. திருநெல்வேலியிலிருந்து வந்து அம்பத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தேன். அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்து, லேத் பட்டறையில் வேலை செய்த ஜஸ்டின்தான் என்னை அந்த ஏரிக்குக் கூட்டிப் போனவன். ரேஷ்மாவும் திருமுருகனும் சேர, நான்கு பேர் கொண்ட அணியானோம்.

அக்கா அன்று கரையில் வந்து நின்ற விதம் இன்னும் கண்ணில் இருக்கிறது. முழங்கை வரை ஈரம், இடுப்பில் சொருகிய புடவை. தெற்குப் படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அவருடைய அம்மா, எங்கள் படகு கிளப்பிய அலையில் வழுக்கி விழுந்திருக்கிறார். சார் படகை விட்டு இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டார். எந்தப் பக்கம் வரக்கூடாது என்று காட்டச் சொன்னார். அக்கா படித்துறையைக் காட்டினார். பிறகு கையை வடக்கே திருப்பினார்.

"அங்கயும் போவாதீங்க. தண்ணிக்கு அடியில கருவேலங்கட்ட கீது. வைகாசியில தண்ணி வத்துனா தல தெரியும்."

நாங்கள் ஒரு மாதமாக அந்தக் கட்டைகளுக்கு மேலேதான் சறுக்கிக்கொண்டிருந்தோம்.  அடுத்த ஞாயிற்றுக்கிழமை சார் அக்காவின் வீட்டுக்கே போய், படகில் உட்கார ஆள் வேண்டும், நீங்கள் வர முடியுமா என்று கேட்டார்.

அக்காவுக்கு அப்போது முப்பத்து நான்கு. ஏரியை ஒட்டி அவர்களுக்கு நிலம் இருந்தது, ஆனால் வீட்டை நடத்தியது அக்காவின் சம்பளம். திருமழிசை எஸ்டேட்டில் வால்வு செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் பத்து வருடமாக வேலை. அளவு சரியில்லாத பொருளைத் தனியே எடுத்து வைப்பது அவர் தொழில். யார் முகம் சுளித்தாலும் எடுத்து வைத்தே தீரவேண்டிய தொழில். அந்த ஏரியிலேயே நீச்சல் பழகியவர். ஞாயிற்றுக்கிழமை சும்மாதானே இருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

அப்படித்தான் அவர் எங்கள் 'அப்சர்வர்' ஆனார். படகு ஓட்டுகிறவர் முன்னால் பார்க்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. அதனால் இன்னொருவர் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, கயிற்றின் முனையில் இருப்பவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும். அந்த ஆள் இல்லாமல் என்ஜினைத் தொடக்கூடாது என்பது சாரின் முதல் விதி. அக்காவுக்குச் சறுக்கத் தெரியாது, கற்றுக்கொள்ள ஆசையும் இல்லை. வந்த முதல் வாரமே மூங்கில் கழியோடு ஏரியில் இறங்கி ஆழம் பார்த்தார். கட்டை இருக்கும் இடங்களில் பிளாஸ்டிக் கேன்களைக் கல் கட்டி மிதக்கவிட்டார். யாரும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது என்று அவர் சொல்லாத வாரம் இல்லை. திருமுருகன் ஒருமுறை விளையாட்டாக மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றினான். படகு நின்றது. அன்று முழுவதும் அவனுக்குக் கயிறு கிடைக்கவில்லை.

இப்போது நினைத்தால் அந்த ஞாயிறுகளின் வாசனைதான் முதலில் வருகிறது. பெட்ரோலும் பாசியும் கலந்த வாசனை. கரையில் காயும் சட்டைகள், தூரத்தில் நெடுஞ்சாலை பஸ்களின் ஹாரன், ஏரிக்குள் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குகள். அக்காவின் அம்மா கொடுத்தனுப்பும் கேழ்வரகு அடையை ஆறும் முன்பே ஜஸ்டின் பாதி தின்றுவிடுவான். அவனுக்கு அக்காவிடம் தனி உரிமை. தன் சொந்த அக்கா கல்யாணமாகிப் போன பிறகு தன்னைத் திட்ட ஆளே இல்லை, இப்போதுதான் கிடைத்திருக்கிறது என்பான்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு மாசியில், பெங்களூரிலிருந்து ஓர் அணி எங்கள் ஏரிக்குத் தொடர் பந்தயத்துக்கு வந்தது. அணிக்கு நான்கு பேர், ஆளுக்கு ஒரு சுற்று. ஒருவர் சுற்று முடிந்ததும் படகு புறப்பட்ட இடத்து மிதவையருகே மெதுவாக வரும், என்ஜின் நிற்கும். தண்ணீரில் காத்திருக்கும் அடுத்தவர் கைப்பிடியை வாங்குவார். அவர் தயார் என்று அப்சர்வர் குரல் கொடுத்த பிறகே படகு நகரலாம். விழுந்தால் உடனே கையைத் தூக்கிக் காட்ட வேண்டும், நன்றாக இருக்கிறேன் என்பதற்கு அதுதான் அடையாளம். ஒருமுறை விழுந்தவர் மறுபடி எழுந்து ஓடலாம். ஆனால் தலையில் அடிபட்டதாக அப்சர்வருக்குச் சந்தேகம் வந்தால் அவர் அன்று கயிற்றைத் தொடக்கூடாது. நால்வரில் ஒருவர் முடிக்காவிட்டாலும் அணிக்குத் தோல்வி.

அவர்கள் முதலில் ஓடி நேரத்தைக் குறித்துவிட்டார்கள். ரேஷ்மாவும் திருமுருகனும் விழாமலே முடித்தார்கள். மூன்றாவது ஜஸ்டின். நான் கடைசி ஆளாக, லைஃப் ஜாக்கெட்டோடு மிதவையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் காத்திருந்தேன். நாங்கள் பதினெட்டு வினாடி முன்னால் இருந்தோம். மேற்கு வளைவில் ஜஸ்டினின் குதிகால் சிக்கியது. முகம் முன்னால் போய்த் தண்ணீரில் அறைந்து, இரண்டு முறை உருண்டான். உடனே கையைத் தூக்கினான். படகு திரும்பி அவனருகே போய் நின்றது. அவன் கைப்பிடியைப் பற்றியதை நான் பார்த்தேன். அக்கா குனிந்து ஏதோ கேட்டார். அவன் ஏதோ சொன்னான். அக்கா சிவப்புக் கொடியைத் தூக்கினார்.

என்னால் நம்ப முடியவில்லை. மிதவையிலிருந்தே, "விடுங்கக்கா, ஒரு சுத்துதானே" என்று கத்தினேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. ஜஸ்டினைக் கைத்தாங்கலாகப் படகில் ஏற்றினார்கள். பந்தயம் முடிந்தது.

ஏன் நிறுத்தினீர்கள் என்று கரையில் கேட்டோம். அவன் சரியில்லை என்று மட்டும் சொன்னார். சார் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ஸ்கேனில் ஒன்றுமில்லை. மாலையில் நான் போனபோது வராண்டாவில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். நடந்ததை எல்லாம் என்னிடம் கேட்டான். நானும் கொதிப்போடு சொன்னேன். நீ கையைத் தூக்கினாய், கயிற்றைப் பிடித்தாய், அக்கா கொடியைத் தூக்காமல் இருந்திருந்தால் கோப்பை நம்முடையது.

அன்றிலிருந்து ஜஸ்டின் அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டான்.

அதற்கு அடுத்த வாரம் படகு என்ஜின் கெட்டுப்போனது. கார்ப்பரேட்டர் பழுது, உதிரி பாகம் வர நாளாகும் என்றார் சார். ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டமே இல்லை. ஆனாலும் ஞாயிறு தவறாமல் வந்தோம். கரையில் கிரிக்கெட், வேர்க்கடலை, பேச்சு. ரேஷ்மா தன் கல்யாணச் செய்தியை அப்போதுதான் சொன்னாள். நான் வேலையை விடலாமா என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்ததும் அப்போதுதான். வேகமும் பந்தயமும் இல்லாத அந்த மாதம்தான் என் சென்னை வாழ்க்கையிலேயே இனிமையான மாதம். ஜஸ்டின் மட்டும் அக்கா இருக்கும் பக்கம் வராமல் கரையின் மறுகோடியில் உட்கார்ந்திருப்பான். அடை அவன் பங்குக்கு அப்படியே இருக்கும்.

இரண்டு வருடம் கழித்து ஏரியில் மோட்டார் படகு கூடாது என்று உத்தரவு வந்தது. கிளப் கலைந்தது. திருமுருகன் துபாய் போனான், ரேஷ்மா கோயம்புத்தூர் போனாள். அக்கா வீட்டார் நிலத்தை விற்றுவிட்டு ஆவடி சேக்காட்டுக்குக் குடிபோனார்கள். நான் ஆவடியிலேயே ஃப்ளாட் வாங்கினேன். ஒரே ஊரில் இருந்தும் பொங்கலுக்கு ஒரு வாழ்த்துச் செய்தி, அவ்வளவுதான்.

போன வருடம் செங்கல்வராயன் சார் காலமானார். சாவு வீட்டில் பத்து வருடம் கழித்து நானும் ஜஸ்டினும் அக்காவும் சந்தித்தோம். காரியம் முடிந்து ஆவடி ஸ்டேஷன் அருகே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். ஜஸ்டினுக்கு முன்தலை வழுக்கை. அக்காவுக்குக் கண்ணாடி. கொஞ்ச நேரம் சாரைப் பற்றியே பேசினோம். பிறகு ஜஸ்டின் கிளாஸைக் கீழே வைத்தான்.

"யக்கா, ஒண்ணு சொல்லணும். அந்த ரேஸ் எனக்கு ஞாபகமே இல்ல. காலைல ஊட்ல இட்லி துன்னது ஞாபகம் கீது. அப்பறம் ஆஸ்பத்திரி. நடுவுல ஒண்ணுமே இல்ல. சொன்னா டீம்ல இருந்து எடுத்துருவாங்கன்னு பயம். அதான் கோவமா இருக்கற மாரியே இருந்துட்டேன். அப்பறம் அதுவே நெசக் கோவம் ஆயிருச்சி."

அக்கா அவனைப் பார்த்தார். "தெரியும்" என்றார்.

அன்று படகிலிருந்து குனிந்து அவர் கேட்டது, இது யார் சுற்று என்றுதான். ஜஸ்டின் தெளிவாக, சிரித்த முகமாக, முதலில் ரேஷ்மா இறங்கட்டும், அப்புறம் நான் என்று சொல்லியிருக்கிறான். ரேஷ்மா ஓடி முடித்துக் கரையில் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். வயசுப் பையன், மூளை கலங்கிப்போச்சு என்று பத்து பேர் சொன்னால் அவன் பட்டறை வேலைக்கும் கெடுதலாகிவிடும் என்று நினைத்தாராம். ஒரு மாதம் அவன் கயிற்றைத் தொடக்கூடாது என்று சாரிடம் டாக்டர் சொல்லியிருக்கிறார். நேராகச் சொன்னால் ஜஸ்டின் கேட்க மாட்டான், வேறு ஏரியைத் தேடிப் போவான். அதனால் அக்கா சாரிடம் பேசி, நல்ல கார்ப்பரேட்டரைக் கழற்றி அவர் வீட்டுப் பரணில் வைக்கச் சொல்லிவிட்டார்.

ஜஸ்டின் தலையைக் குனிந்துகொண்டு அழுதான். சாவு வீட்டுக்கு வந்தவர்தானே என்று டீக்கடைக்காரர் கண்டுகொள்ளவில்லை.

எனக்கு அவனைவிடப் பெரிய பாரம் இருந்தது. நினைவே இல்லாதவனுக்கு அந்தக் கோபத்தை ஊட்டியவன் நான். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இவனிடம் நான்தான் என்று ஆரம்பித்தேன். அக்கா முடிக்க விடவில்லை.

"வராண்டாவுல தூணுக்கு அந்தப் பக்கம்தான் நின்னுட்டிருந்தேன் இளங்கோ. பிஸ்கட் வாங்கியாந்து குடுத்ததே நான்தான்."

அவர் குரலில் குறை எதுவும் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். நான் மன்னிப்புக் கேட்டேன். பத்து வருடத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டியது. அவர் சரி என்று சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை. டீ ஆறுகிறது, குடி என்றார். சற்றுப் பொறுத்து, அந்த இரண்டு வருடம் ஜஸ்டின் பேசாமல் இருந்தது மட்டும் கஷ்டமாக இருந்தது என்றார்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போய்விட்டார். அப்பாவுக்கு எண்பத்தேழு வயது, எழுந்து நடக்க முடியாது. அதைக் கேட்டுக்கொண்ட ஜஸ்டின் அடுத்த ஞாயிறே சேக்காட்டுக்குப் போய்விட்டான். அவரைத் தூக்கி உட்காரவைத்துக் குளிப்பாட்டி, முகம் மழித்துவிட்டிருக்கிறான். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் விடுவதில்லை. அவனுடைய மகள் அகல்யாவுக்கு அங்கே தனியாக ஒரு தட்டும் டம்ளரும் வந்துவிட்டன.

மாதத்தில் ஓரிரு முறை நானும் போகிறேன். போன வாரம் போனபோது மழை. மின்சாரம் இல்லை. அப்பாவைக் குளிப்பாட்டி முடித்து, ஜஸ்டின் ஈரச் சட்டையோடு சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தான். அக்கா மீனை வறுத்துக்கொண்டே அவனைத் திட்டிக்கொண்டிருந்தார், அந்த ஈரச் சட்டையோடு உட்காராதே, கொடியில் காய்ந்தது இருக்கிறது என்று. அவன் எழுந்திருக்கவே இல்லை. எனக்கும் ஒரு பலகையைத் தள்ளிப்போட்டான்.